வானம் பார்த்த பூமியும் வானேறிய சீமானும்

"நாமளும் போகலாமா சார்? டிக்கெட்டு எவ்வளவு கேப்பாங்க?"

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. 2025 ஜூலைத் திங்கள். சுபான்ஷு சுக்லா என்னும் இந்திய விமானப்படை வீரர், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பதினெட்டு நாட்கள் தங்கிப் பணிபுரிந்துவிட்டுக் கடலில் வந்திறங்கிய மறுநாள். செய்தித்தாளை விரித்துப் படத்தைக் காட்டினேன். பிள்ளைகள் கண்ணகல நோக்கினர். படைவீரர் மட்டுமல்ல, பணம் கட்டிச் செல்வோரும் உண்டு என்று ஆர்வ மிகுதியால் சொல்லிவைத்தேன். சொன்ன வாய் மூடுமுன் எழுந்தது அந்தக் கேள்வி!

கேட்டவளின் தந்தை, விசைத்தறியின் முன் நாளெல்லாம் நின்று துண்டு நெய்பவர். தாய், பூச்சந்தைக்காகப் பொழுது புலருமுன் பூப்பறிக்கச் செல்பவர். ஊர் சங்கரன்கோவில், சுற்றிலும் கரிசல் காடு. பெய்தால் விளைச்சல், பொய்த்தால் பட்டினி. அதனாலேயே 'வானம் பார்த்த பூமி' என்று இந்த மண்ணுக்குப் பெயர். தலைமுறை தலைமுறையாக வானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்த மக்களின் வழிவந்தவள், "அங்கே போக என்ன விலை?" என்று கேட்கிறாள்.

விலையைச் சொன்னேன். வர்ஜின் கேலக்டிக் என்னும் நிறுவனம் 2021 இல் குறித்த கட்டணம், ஓர் இருக்கைக்கு 4,50,000 டாலர். இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 4 கோடி ரூபாய். கரும்பலகையில் கணக்குப் போட்டோம். நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். உண்ணாமல், உடுத்தாமல், ஒரு நாளும் ஓயாமல், காசு முழுவதையும் சேர்த்துவைத்தால் எத்தனை நாள் ஆகும்? 66,000 நாட்களுக்கு மேல். எத்தனை ஆண்டு? 182!

விடை வந்ததும் வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "முடியாதுன்னு நேராவே சொல்லியிருக்கலாமே சார்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. முடியும் என்பது பொய்; முடியாது என்பது கொடுமை. இரண்டுமல்லாத மெய்யான விடை ஒன்று உண்டா? தேடினேன். தேடியதை உங்கள் முன் வைக்கிறேன், தோழர்களே!

நடப்பது என்ன என்பதை முதலில் காண்போம். 2001 ஏப்ரல் 28 அன்று, அமெரிக்கச் செல்வர் டென்னிஸ் டிட்டோ, ரஷ்ய நாட்டின் சோயுஸ் கலத்தில் ஏறி விண்வெளி நிலையம் சென்றார். கட்டணம் 2 கோடி டாலர் அளவு என்று ஏடுகள் எழுதின. சொந்தக் காசில் விண்ணேறிய முதல் சுற்றுலாப் பயணி அவரே. அதன் பின்னர் இருவகைக் கடைகள் விரிக்கப்பட்டன. ஒன்று, எட்டிப் பார்த்துத் திரும்பும் பயணம்: நூறு கிலோமீட்டர் உயரத்தையொட்டிச் சென்று, மூன்று நான்கு நிமிடம் எடையற்று மிதந்து, தரைக்குத் திரும்புவது. நியூ ஷெப்பர்ட் என்னும் ஏவுகலனில் இது பத்துப் பதினோரு நிமிட வேலை. எங்கள் பள்ளிப் பாடவேளையில் கால்பங்கு! மற்றொன்று, புவியைச் சுற்றி வரும் பயணம். தனியார் குழு ஒன்று 2022 இல் பன்னாட்டு நிலையம் சென்றபோது, தலைக்கு 5.5 கோடி டாலர் என்று பேசப்பட்டது.

2021 ஜூலையில், ஒன்பது நாள் இடைவெளியில், ரிச்சர்ட் பிரான்சன், ஜெஃப் பெசோஸ் என்னும் இரு பெருஞ்செல்வர், தத்தம் நிறுவனக் கலங்களில் ஏறித் திரும்பினர். பெசோசின் பக்கத்து இருக்கை ஏலம் விடப்பட்டது, 2.8 கோடி டாலருக்குப் போயிற்று! ஆந்திரத்தில் பிறந்த சிரிஷா பண்ட்லா, பிரான்சனோடு சென்றார். ஆனால் அவர் அந்நிறுவனத்தின் அலுவலர். 2024 மே 19 அன்று நியூ ஷெப்பர்டில் சென்ற விமானி கோபிசந்த் தொட்டகூராவையே இந்தியாவின் முதல் விண்வெளிச் சுற்றுலாப் பயணி என்று ஏடுகள் கொண்டாடின.

இன்றைய நிலை? வர்ஜின் கேலக்டிக் தன் யூனிட்டி கலத்தை 2024 ஜூனோடு நிறுத்திவிட்டுப் புதுக்கலம் கட்டப் புகுந்தது. பெசோசின் புளூ ஆரிஜின், நூறு பேருக்கும் குறைவானவர்களை ஏற்றிச்சென்ற பின்னர், நிலவுப் பணியில் கருத்தூன்றப்போவதாகக் கூறி, குறைந்தது ஈராண்டுக்கு நியூ ஷெப்பர்ட் பயணங்களை நிறுத்துவதாக 2026 தொடக்கத்தில் அறிவித்தது. நம் நாட்டிலோ, 2030 வாக்கில் விண்வெளிச் சுற்றுலா வரக்கூடும், சீட்டு விலை 6 கோடி ரூபாய் அளவில் இருக்கும் என்று 2023 இல் செய்தி வந்தது. ஆகவே, கதை முடிந்துவிடவில்லை. கடை மூடியிருக்கும் நேரந்தான், கணக்குக் கேட்பதற்கு ஏற்ற நேரம்.

"சோற்றுக்கு வழியில்லாத நாட்டில் விண்வெளி எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நான் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. புயல் கரை ஏறுமுன் கடலோர மக்களைக் காப்பாற்றுவது, வானில் நின்று காவல் புரியும் செயற்கைக்கோள். மழை வரவை உழவனுக்கு உரைப்பதும் அதுவே. வானம் பார்த்த பூமிக்காரனுக்கு வானறிவு வேண்டாம் என்பது, நோயாளிக்கு மருத்துவம் வேண்டாம் என்பது போல. என் வழக்கு விண்வெளியின் மீதல்ல. அதன் வாயிலில் நிறுத்தப்பட்டிருக்கும் காவற்காரன் மீது. "யார் நீ?" என்று அவன் கேட்பதில்லை. "என்ன கற்றாய்?" என்று கேட்பதில்லை. "எவ்வளவு வைத்திருக்கிறாய்?" என்று மட்டுமே கேட்கிறான்!

"அவர் பணம், அவர் பயணம். உமக்கென்ன எரிச்சல்?" என்பர் சிலர்.

எரிச்சல் இல்லை, ஐயா! ஐயம் உண்டு. முழுவதும் அவர் பணந்தானா? டிட்டோ ஏறிய சோயுஸ், ஒரு சீமானின் பட்டறையில் செய்யப்பட்டதன்று. ஒரு நாட்டு மக்களின் உழைப்பு. அவர் தங்கிய நிலையம், பதினைந்து நாடுகளின் வரிப்பணம். விண்ணேறும் வித்தையோ, அரை நூற்றாண்டு அறிவியலார் உயிரைக் கொடுத்துக் கண்டது. கலத்தினின்று இறங்கிய பெசோஸ், தம் அமேசான் நிறுவனத் தொழிலாளருக்கும் வாடிக்கையாளருக்கும் நன்றி நவின்றார். இதற்கெல்லாம் பணம் தந்தவர்கள் அவர்களே என்றும் சொன்னார். அவர் வாயாலேயே வந்தது உண்மை! செலவைப் பலரும் தந்தனர். இருக்கை ஒருவருக்குக் கிடைத்தது.

"முதலில் செல்வர் செல்வர், பிறகு விலை குறையும், பின்னர் எல்லோரும் செல்வர். இரயில் அப்படித்தானே? விமானம் அப்படித்தானே?" என்பர் வேறு சிலர். இந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆகவே நின்று பதில் சொல்ல வேண்டும்.

இரயிலைப் பாருங்கள். எங்கள் ஊர் வழியாகத் தென்காசிக்கும் விருதுநகருக்கும் ஓடும் இருப்புப்பாதையில் சாமானியன் காலங்காலமாகச் சென்று வருகிறான். இந்திய இரயிலில் தொடக்கந்தொட்டே மூன்றாம் வகுப்பு இருந்தது. நெரிசல் இருந்தது, இழிவு இருந்தது. ஆயினும் சீமானை இழுத்த அதே பொறிதான் சாமானியனையும் இழுத்தது. பயணிகளால் வந்த வருவாயில் பெரும்பங்கு, மூன்றாம் வகுப்பார் கொட்டிய சில்லறை. ஏழை ஏறாவிட்டால் இரயிலுக்கு வாழ்வில்லை. ஏழை ஏறாவிட்டால் விண்கலத்துக்கு என்ன குறை? ஒன்றுமில்லை! அதுதான் வேறுபாடு.

விமானம் வந்து நூறாண்டுக்கு மேலாகிறது. "விமானத்தில் சென்றவர் கைதூக்குங்கள்" என்றேன் என் வகுப்பில். நாற்பது பேரில் ஒரு கையும் உயரவில்லை. விண்ணேற்றமோ விமானத்தினும் கடினமான வேலை. எட்டிப் பார்த்துத் திரும்பும் கலம் மணிக்கு 3,500 கிலோமீட்டர் அளவு விரைந்தால் போதும். புவியைச் சுற்ற 28,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும். வேகம் எட்டு மடங்கானால், வேண்டிய ஆற்றல் அறுபத்து நான்கு மடங்கு. கலத்தின் எடையில் பெரும்பகுதி எரிபொருளே. விலை குறையலாம்; குறையட்டும். ஆனால் இது இயற்கை விதித்த கணக்கு. பேருந்துக் கட்டணம் போல் இறங்கிவரும் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

எரிவது எவ்விடத்தில் என்பதும் எங்களுக்கு முக்கியம். மண்ணெண்ணெய் எரிக்கும் ஏவுகலன் உமிழும் கரித்துகள், மழை கழுவ இயலாத உயரத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கி வெப்பத்தைப் பற்றிக்கொள்ளும். நியூ ஷெப்பர்ட் போல் நீரக வாயுவை எரிப்பவற்றுக்கு இக்குறை இல்லை. இன்று பயணங்கள் சில, தீங்கும் சிறிது. ஆயிரமாகப் பெருகும் நாளில், மழை தவறினால் பட்டினி கிடப்பவன் எவனோ, அவனைக் கேட்டுத்தான் பெருக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, "பணக்காரன் கையில் வானம் கூடாது, அரசின் கையில் ஒப்படைத்தால் நீதி நிலைத்துவிடும்" என்று முடித்துவிடலாம் என எண்ணினேன். முடிக்கவிடவில்லை, இருவருடைய வரலாறு.

வாலி ஃபங்க் என்னும் அமெரிக்கப் பெண் விமானி, 1961 இல் விண்வெளி வீரருக்குரிய கடும் உடற்சோதனைகளில் தேறினார். அவரைப் போல் தேறிய பெண்கள் பதின்மூவர். அரசு நிறுவனமான நாசா என்ன சொல்லிற்று? படையின் சோதனை விமானிகளே தகுதியுடையோர் என்றது. படையோ, பெண்களை அப்பணியில் சேர்க்கவில்லை! கதவு பூட்டியது ஒருவர், சாவியை ஒளித்தது மற்றொருவர்.

எட் டுவைட், அமெரிக்க விமானப்படைக் கருப்பின அதிகாரி. கென்னடி காலத்தில் விண்வெளிப் பயிற்சிக்கு எடுக்கப்பட்டார். 1963 இல் நாசா வெளியிட்ட பட்டியலில் அவர் பெயர் இல்லை. அமெரிக்கக் கருப்பினத்தவர் ஒருவர் விண்ணேற 1983 வரை காத்திருக்க நேர்ந்தது. டுவைட் படையை விட்டு விலகிச் சிற்பியானார்.

வாலி ஃபங்க் எப்போது சென்றார்? 2021 ஜூலை 20, எண்பத்திரண்டு வயதில், பெசோசின் கலத்தில். எட் டுவைட்? 2024 மே 19, தொண்ணூறு வயதில். நம் கோபிசந்த் சென்ற அதே கலத்தில்! சக்கர நாற்காலியில் நடமாடும் ஜெர்மானியப் பெண் பொறியாளர் மிகைலா பெந்தாவுஸ், 2025 டிசம்பரில் சென்றதும் அந்நிறுவனத்தின் கலத்திலேயே. பிறப்பைக் காட்டி, பாலைக் காட்டி, நிறத்தைக் காட்டி அரசு பூட்டிய கதவை, வணிகன் திறந்துவிட்டான். உண்மையை மறைப்பது பகுத்தறிவுக்கு அழகன்று, ஒப்புக்கொள்கிறேன்.

"பிறப்பால் தகுதி" என்னும் பழங்கொடுமையை இந்நாட்டு மக்கள் நன்கறிவர். "பணத்தால் தகுதி" என்பது அதற்கு மாற்றா? பிறப்பை மாற்ற இயலாது, பணத்தைச் சம்பாதிக்கலாமே என்பர். 182 ஆண்டு வாழ்பவன் சம்பாதிக்கலாம்! மற்றவனுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் டுவைட்டின் பயணத்தில் ஒரு நுட்பம் உண்டு. அவர் இருக்கைக்கு அவர் பணம் கட்டவில்லை, அறநிறுவனங்கள் கட்டின. அவரை யாரோ அனுப்பினார்கள். இந்தச் சொல்லில்தான் என் விடை ஒளிந்திருந்தது.

யார் அனுப்பினார்கள்?

1967 இல் உலக நாடுகள் செய்துகொண்ட விண்வெளி உடன்படிக்கை, விண்வெளி வீரர்களை மனித குலத்தின் தூதர் என்று குறிக்கிறது. எவ்வளவு உயர்ந்த எண்ணம்! தூதனுக்கு ஓர் இலக்கணம் உண்டு. அவனை அனுப்பியவர் இருப்பர். திரும்பி வந்து அவர்களிடம் சொல்வதற்குச் செய்தி இருக்கும். சுற்றுலாப் பயணியை அனுப்பியவன் அவனே. திரும்பி வந்து சொல்வதும் தனக்கே. அமெரிக்க அரசு, வணிகக் கலத்தில் செல்வோருக்கு விண்வெளி வீரர் பதக்கச் சிறகு வழங்கிவந்தது. பயணத்தில் பொதுமக்கள் பாதுகாப்புக்கோ விண்பயணப் பாதுகாப்புக்கோ பயன்படும் செயல் புரிந்திருக்க வேண்டும் என்று 2021 ஜூலையில் விதியை இறுக்கிற்று. அவ்வாண்டின் முடிவோடு வழங்குவதையே நிறுத்திற்று. ஏறியதால் மட்டும் ஒருவன் தூதன் ஆகிவிடான் என்பதை அவர்களே உணர்ந்தனர் போலும்.

சாமானியர் தூதராகச் சென்றதுண்டா? உண்டு. என் மாணவி அறிய வேண்டியவள் ஒருத்தி உண்டு. 1963 ஜூன் 16 அன்று விண்ணேறிய உலகின் முதல் பெண், வாலண்டினா தெரஷ்கோவா. யார் அவர்? பஞ்சாலைத் தொழிலாளி! தந்தை டிராக்டர் ஓட்டியவர், போரில் மாண்டார். ஆலையில் உழைத்துக்கொண்டே வான்குடை கட்டிக் குதிக்கப் பழகியவர், புவியை 48 முறை சுற்றி வந்தார். அவரை அனுப்பிய அரசு, அறத்துக்காக மட்டுமா அனுப்பிற்று? இல்லை, பெருமைக்காகவும் போட்டிக்காகவும் அனுப்பிற்று. அடுத்த பெண்ணை அனுப்ப 1982 வரை அதற்கு மனம் வரவில்லை! ஆயினும், தறியின் ஓசை கேட்டு வளர்ந்த செவி விண்ணின் அமைதியையும் கேட்க முடியும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அதை எந்த விலைப்பட்டியலும் அழிக்க இயலாது.

இன்னொருவர், என் தொழிலைச் சேர்ந்தவர். கிறிஸ்டா மெக்காலிஃப், நான் கற்பிக்கும் சமூகவியல் பாடத்தையே கற்பித்தவர். 11,000 க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் விண்ணப்பிக்க, அவர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டார். விண்ணிலிருந்து வகுப்பு நடத்துவது அவர் பணி. 1986 ஜனவரி 28 அன்று, சேலஞ்சர் கலம் எழும்பிய 73 வினாடியில் சிதறியது, எழுவரும் மாண்டனர். மாணவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தனர். அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றிருந்த ஆசிரியை பார்பரா மார்கன், இருபத்தோராண்டு காத்திருந்து, 2007 இல் சென்று திரும்பினார். மெக்காலிஃபின் சாவை நினைத்து உலகம் இன்றும் கலங்குவது ஏன்? அவர் தமக்காகச் செல்லவில்லை. நாட்டின் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து அனுப்பியவர் அவர்.

சுக்லாவின் பயணத்தையும் இக்கண்கொண்டு பாருங்கள். அவர் இருக்கையும் ஆக்சியம் என்னும் தனியார் நிறுவனத்திடம் விலைக்கு வாங்கியதே. ஏறத்தாழ 550 கோடி ரூபாய் என்று செய்தி. கொடுத்தது இந்திய மக்களின் பணம். மேலே அவர் பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்க வைத்தார்; தசை தேய்வதை ஆராய்ந்தார்; பள்ளிப் பிள்ளைகளோடு உரையாடினார். இறங்கிவந்தவரைப் பார்த்து, "எங்கள் காசுக்கு என்ன கொண்டுவந்தீர்?" என்று கேட்க உழவனுக்கும் உரிமையுண்டு. கோபிசந்தைக் கேட்க நமக்கு உரிமையில்லை. அவரைக் குறைகூறவும் காரணமில்லை. சீட்டு விலைக்கு வாங்கப்பட்டதா என்பதன்று கேள்வி. சென்றவர் யாருக்குப் பதில் சொல்லக் கடன்பட்டவர் என்பதே கேள்வி.

இது எங்கோ நடக்கும் கூத்து என்று நாம் இருந்துவிட இயலாது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் ஏவுகலப் பொறிகள் முழங்குகின்றன. மனிதரை ஏற்றிச் செல்லும் ககன்யான் திட்டத்துக்கான பொறிகளும் அங்கே சோதிக்கப்பட்டவை. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில், 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சிறு செயற்கைக்கோள்களுக்காக அமைவது அது, மனிதர் ஏறுவதற்கன்று. ஆயினும், 2023 இன் இந்திய விண்வெளிக் கொள்கை தனியாருக்குக் கதவு திறந்துவிட்டது. நிலம் நம்முடையது, கடல் நம்முடையது, உழைப்பும் அறிவும் நம்முடையவை. எங்கள் தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் பயின்ற நிகர் ஷாஜி, கதிரவனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராய் விளங்கினார். 2023 செப்டம்பர் 2 அன்று அக்கலம் புறப்பட்டது. கலத்தைச் செலுத்தும் தகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு உண்டு. கலத்தில் அமரும் தகுதி மட்டும் பணப்பைக்கா?

ஆகவே, ஒன்று கேட்போம். இந்நாட்டில் விண்வெளிச் சுற்றுலா தொடங்கும் நாளில், செல்வர் செல்லட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் மக்கள் பணத்தில் வளர்ந்த அறிவையும் நிலத்தையும் பயன்படுத்தும் ஒவ்வொரு பயணத்திலும், ஓர் இருக்கை விலைக்கு வைக்கப்படலாகாது. அது தூதருக்கு உரியது. விரும்புவோர் விண்ணப்பிக்கட்டும்; உடலும் உள்ளமும் தகுதியா என்று மருத்துவர் சோதிக்கட்டும்; தேறியவருள் குலுக்கல் முறையில் ஒருவர் செல்லட்டும். ஆசிரியர் செல்லட்டும், நெசவாளர் செல்லட்டும், கரிசல்காட்டுச் சம்சாரி செல்லட்டும். திரும்பி வந்து, பள்ளி பள்ளியாகச் சென்று, கண்டதைச் சொல்லட்டும். சீட்டு விற்கத் தொடங்கிய பின் கேட்டால், "ஒப்பந்தம் முடிந்துவிட்டது" என்பார்கள். இன்றே கேட்போம்.

ஒரு வாரம் கழித்து, அந்த மாணவியை அழைத்தேன். "அன்றைக்கு நான் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் உன் கேள்விக்கு அது விடையில்லை" என்றேன். தெரஷ்கோவாவின் கதையைச் சொன்னேன். பஞ்சாலை என்றதும் நிமிர்ந்தாள்.

"அந்தக்கா டிக்கெட்டு எடுக்கலையா சார்?"

"இல்லையம்மா. அவரை அனுப்பினார்கள்."

சற்று நேரம் யோசித்தாள். "நம்மள யாரு சார் அனுப்புவா?"

இந்தக் கேள்விக்கு நான் ஒருவன் விடை சொல்ல இயலாது, தோழர்களே. நாம் எல்லோரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.